முதல் வேலை, முதல் சம்பளம்: குமரி மாவட்டப் பட்டதாரிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடைசி செமஸ்டர் முடிந்ததும் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்துப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெற்றோர் கேட்டவையும் சில உண்டு. பதில்களில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும்: சம்பளம் எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், மாதக் கடைசியில் கையில் எவ்வளவு நிற்கும் என்று பாருங்கள். கணக்குகளில் வரும் வாடகை, சாப்பாட்டுச் செலவு எல்லாம் எடுத்துக்காட்டுக்குப் போட்டவை. உங்கள் ஊருக்கும் விடுதிக்கும் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

ரிசல்ட் இன்னும் வரவில்லை. அதுவரை சும்மா இருக்காமல் என்ன செய்யலாம்?

முதலில் உங்கள் பெயரைச் சரிபாருங்கள். சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் வேலையில் சேர்ந்த பிறகு பலரை அலைய வைப்பது இதுதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'ஆர். அனிஷா' என்று இருக்கும். ஆதாரில் 'அனிஷா ராஜன்'. வங்கிக் கணக்கில் 'அனிஷா ஆர்'. பான் கார்டில் கடைசிப் பெயருக்கு இனிஷியல் மட்டும் போட முடியாது என்பதால் அப்பா பெயர் முழுதாக ஏறியிருக்கும். நான்கும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பி.எஃப் (வருங்கால வைப்பு நிதி) கணக்கு ஆதாரில் உள்ள பெயரில்தான் தொடங்கும். வங்கிப் பெயர் அதோடு ஒத்துப்போகாவிட்டால், பின்னால் அவசரத்துக்குப் பணம் எடுக்கும்போது விண்ணப்பம் திரும்பி வரும்.

அதனால் பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து முதலில் ஆதார், அடுத்து பான், அதற்கப்புறம் வங்கி என்று வரிசையாகத் திருத்துங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறையும், பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்ற அனுமதி உண்டு. அவசரப்பட்டு அந்த வாய்ப்பைத் தீர்த்துவிடாதீர்கள். இனிஷியலை விரித்து எழுதுவதா, அப்படியே விடுவதா என்று வீட்டில் ஒரு முடிவெடுத்துவிட்டு, இனி எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் பாஸ்போர்ட்டுக்கும் அதே பெயர்.

அப்புறம், டி.சி, சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் வழியில் படித்தவர்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் தமிழ்வழிக் கல்விச் சான்றை இப்போதே வாங்கிவிடுவது நல்லது. அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. அதற்குப் பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருந்திருக்க வேண்டும்.

இன்டர்வியூவில் ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருக்கிறது. பாடம் தெரியும், வாய்தான் வரவில்லை. என்ன செய்ய?

நம் பிள்ளைகள் பலருக்கும் இதுதான் நிலை. தெரியாமல் யாரும் தோற்பதில்லை. தெரிந்ததைச் சொல்ல முடியாமல் எழுந்து வருகிறார்கள். எந்த இன்டர்வியூவிலும் முதல் பத்து நிமிடம் ஏறக்குறைய ஒன்றுதான்: உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், கடைசி ஆண்டு புராஜெக்ட் என்ன, ஏன் இந்த வேலை, ஊரை விட்டு வருவீர்களா. இந்த நான்குக்கும் உங்கள் சொந்த வாக்கியங்களில் பதில் எழுதி, வாய்விட்டுச் சொல்லி, போனில் பதிவு செய்து கேளுங்கள். மனப்பாடம் வேண்டாம், கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசினால் போதும். கேள்வி புரியவில்லை என்றால் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்பதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். ரெஸ்யூமில் எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியைப் பற்றியும் இரண்டு நிமிடம் பேச முடிய வேண்டும். முடியாத வரியை எடுத்துவிடுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் ரெஸ்யூம் தேவையில்லை. அப்பா தொழில், மதம், உடல் எடை இதெல்லாம் அதில் வேண்டாம்.

கலை, அறிவியல், வணிகவியல் படித்தவர்கள் எக்செல் ஒழுங்காகக் கற்றுக்கொண்டால் அலுவலக வேலைகளில் மதிப்பு கூடும். தட்டச்சையும் ஒதுக்கிவிடாதீர்கள். ஜூனியர் என்றால் ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 30 சொல், சீனியர் என்றால் 45. தமிழ், ஆங்கிலம் இரண்டும் முடித்தவர்களுக்கு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தட்டச்சர் பணியிடங்களுக்கும் வழி திறக்கும்.

மாதம் 25,000 என்று ஆஃபர் லெட்டரில் இருக்கிறது. கையில் 25,000 வருமா?

வராது. லெட்டரில் இருப்பது சி.டி.சி, அதாவது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. கையில் வருவது வேறு. ஆண்டுக்கு 3 லட்சம், மாதம் 25,000, அதில் அடிப்படைச் சம்பளம் 12,500 என்று வைத்துக் கணக்குப் போடுவோம்.

பி.எஃப்-க்கு நிறுவனம் தன் பங்காக அடிப்படைச் சம்பளத்தில் 12 விழுக்காடு கட்டும், 1,500 ரூபாய். பல நிறுவனங்கள் இதையும் அந்த 25,000-க்குள்ளேயே சேர்த்துவிடும். பணிக்கொடை என்று அடிப்படையில் 4.81 விழுக்காடு, 601 ரூபாய் காட்டியிருப்பார்கள். நிரந்தர ஊழியர் பொதுவாக 5 ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்து விலகினால்தான் அது கைக்கு வரும். இரண்டையும் கழித்தால் 22,899. இனி உங்கள் பங்கு பி.எஃப் 1,500 போகும். மீதி 21,399. மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ கட்டும் தொழில் வரியை அரையாண்டுக்கு ஒருமுறை பிடிப்பார்கள். ஆண்டு முழுவதற்கும் அது 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஆக, மாதம் 21,000 என்று வைத்துக்கொண்டு செலவைத் திட்டமிடுவதுதான் சரி.

மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம் வரும். உங்கள் பங்கு 0.75 விழுக்காடு, நிறுவனத்தின் பங்கு 3.25 விழுக்காடு. சிலர் இதை வீண் பிடித்தம் என்று நினைக்கிறார்கள். உங்களை நம்பி இருக்கும் பெற்றோருக்கும் மருத்துவ வசதி கிடைக்க அதில் வழி உண்டு. 15,000 சம்பளக்காரருக்கு மாதம் 113 ரூபாய்க்கு அந்தப் பாதுகாப்பு வேறெங்கும் கிடைக்காது.

வருமான வரியைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். 2025-26 நிதியாண்டில் புதிய முறைப்படி, சம்பளக்காரருக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவும் சேர்த்து 12.75 லட்சம் வரை வரி இல்லை. ஆனால் சில சிறு நிறுவனங்கள் உங்களை ஊழியராகக் காட்டாமல் ஆலோசகர் என்று காட்டி 10 விழுக்காடு டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்தால் அந்தப் பணம் திரும்பி வரும். அந்த ஏற்பாட்டில் பி.எஃப்-ம் இ.எஸ்.ஐ-ம் கிடையாது என்பதையும் சேரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நாகர்கோவிலில் 12,000 சம்பளத்துக்கு ஒரு வேலை, சென்னையில் 21,000 கையில் வரும் ஒரு வேலை. எதை எடுப்பது?

2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் நம்முடையது. படித்தவர்கள் அதிகம், அவர்களுக்கேற்ற நிறுவனங்கள் குறைவு. அதனால்தான் இங்கே தொடக்கச் சம்பளம் ஏறுவதே இல்லை. மருத்துவமனைகள், ஜவுளிக் கடைகள், நகைக் கடைகள், தனியார் பள்ளிகள், நிதி நிறுவனங்கள், கன்னியாகுமரி ஓட்டல்கள், ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாலைப் பராமரிப்பு என்று சுற்றிச் சுற்றி இவைதான்.

சரி, கணக்குக்கு வருவோம். சென்னையில் விடுதி, சாப்பாடு, பஸ், போன், துணிமணி, ஊருக்கு வந்துபோகும் செலவு எல்லாம் சேர்ந்து 14,000 ஆகும் என்றால் மிச்சம் 7,000. தக்கலையில் வீட்டில் இருந்துகொண்டு நாகர்கோவிலுக்குப் போய் வந்தால் பஸ், டீ, போன், துணி என்று 4,000 போகட்டும், மிச்சம் 8,000. பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை, அதனால் இன்னும் கொஞ்சம் மிஞ்சும். பணத்தை மட்டும் பார்த்தால் உள்ளூர் வேலை தோற்கவில்லை.

ஆனால் இன்னொரு கேள்வி இருக்கிறது: இரண்டு ஆண்டு கழித்து இந்த வேலை உங்களை எங்கே நிறுத்தும்? சென்னை வேலையில் புதிதாக ஒரு திறமை கைவந்து, சம்பளம் 35,000-க்குப் போக வழி இருந்தால் தயங்காமல் கிளம்புங்கள். அங்கேயும் இரவு பகலாகப் போனில் கடன் வசூல் பேசும் வேலைதான் என்றால், வீட்டுச் சாப்பாட்டை விட்டுப் போவதில் என்ன லாபம்? உள்ளூரில் ஒரு நல்ல ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு ஆண்டு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்த்தவருக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு. சம்பளம் குறைவாக இருந்தாலும் நான் அதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

திருவனந்தபுரத்துக்குத் தினமும் போய் வர முடியுமா?

குழித்துறை, பாறசாலை பக்கம் இருப்பவர்களுக்கு முடியும். நாகர்கோவிலில் இருந்து என்றால் கஷ்டம்தான், ஆனாலும் போகிறவர்கள் இருக்கிறார்கள். டெக்னோபார்க் 1990-ல் தொடங்கியது. கழக்கூட்டம் பக்கம், நகரத்துக்கு வடக்கே இருக்கிறது. கழக்கூட்டத்தில் ரயில் நிலையமும் உண்டு. ஆனால் எல்லா ரயிலும் அங்கே நிற்காது. ரயில் சீசன் டிக்கெட் எடுத்தால் பஸ்ஸைவிடச் செலவு பாதிக்கும் குறைவாக முடியும். வேலை நேரமும் ரயில் நேரமும் பொருந்துகிறதா என்பதை ஆஃபரை ஒப்புக்கொள்வதற்கு முன்பே பாருங்கள். பின்னால் மாற்றிக் கேட்பது எளிதல்ல.

1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த பகுதி இது. விளவங்கோடு, கல்குளம் வட்டாரப் பிள்ளைகளுக்கு மலையாளம் காதிலும் நாவிலும் இருக்கிறது. அதை ரெஸ்யூமில் எழுத ஏனோ கூச்சப்படுகிறார்கள். தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றும் பேசுபவரை வங்கி, மருத்துவமனை, வாடிக்கையாளர் சேவை நிறுவனங்கள் தேடி எடுக்கின்றன. தயங்காமல் எழுதுங்கள்.

அரசுத் தேர்வுக்குப் படிக்கட்டுமா, வேலைக்குப் போகட்டுமா?

படியுங்கள், ஆனால் ஒரு கெடு வைத்துக்கொண்டு படியுங்கள். குரூப் 4, குரூப் 2, வங்கித் தேர்வு, ரயில்வே எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பித்துவிட்டு ஒன்றுக்கும் முழுதாகப் படிக்காமல் மூன்று நான்கு ஆண்டைக் கடத்தும் பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கனக்கிறது. திறமை இல்லாதவர்கள் அல்ல அவர்கள். 'அடுத்த தடவை கட்டாயம் கிடைச்சிரும்' என்ற ஒரு நம்பிக்கை அவர்களைக் கட்டிப்போட்டுவிடுகிறது.

ஏதாவது ஒரு தேர்வைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு அறிவிப்பு வரை என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். அந்தக் காலத்தில் பாதி நேர வேலையோ டியூஷனோ எடுத்து, சொந்தச் செலவையாவது பார்த்துக்கொள்ளுங்கள். நாகர்கோவில் கோணம் பகுதியில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசப் பயிற்சி நடக்கும்; பெரிய தொகை கட்டி கோச்சிங் சேருவதற்கு முன் அங்கே ஒருமுறை போய்ப் பாருங்கள். இரண்டு முறையும் கிடைக்கவில்லை என்றால் தனியார் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாம். வயது வரம்பு அவ்வளவு சீக்கிரம் ஓடிவிடாது.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்வதால் இன்னும் பயன் உண்டா?

உண்டு. ஆன்லைனில் பதிவு செய்யலாம், 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 5 ஆண்டு காத்திருந்தும் வேலை கிடைக்காத பட்டதாரிக்கு, குடும்ப வருமானம் போன்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டு, மாதம் 600 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. தனியார் வேலைவாய்ப்பு முகாம்களின் தகவலும் அங்கிருந்து வரும். முகாமுக்குப் போகும்போது ரெஸ்யூம் பத்துப் பிரதி எடுத்துக்கொண்டு போங்கள்.

சேரும் முன் 'டெபாசிட்' கேட்கிறார்கள், ஒரிஜினல் சான்றிதழும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

இரண்டையும் கொடுக்காதீர்கள். வேலை தருபவர் உங்களுக்குப் பணம் கொடுப்பவர், உங்களிடம் வாங்குபவர் அல்ல. பயிற்சிக் கட்டணம், யூனிஃபார்ம் கட்டணம், பின்னணிச் சரிபார்ப்புக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று எந்தப் பெயரில் வந்தாலும் விலகிவிடுங்கள். சான்றிதழைச் சரிபார்க்க ஒரிஜினலைக் காட்டுங்கள், ஜெராக்ஸைக் கொடுங்கள், ஒரிஜினலைக் கையோடு வாங்கி வாருங்கள்.

நியமன உத்தரவு எழுத்தில் வேண்டும். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எல்லா ஊழியருக்கும் அதை உறுதி செய்கின்றன. அதில் மூன்று இடங்களை நிறுத்திப் படியுங்கள்: நோட்டீஸ் காலம் எத்தனை நாள், பாண்ட் (இத்தனை காலம் விலக மாட்டேன் என்ற ஒப்பந்தம்) உண்டா, இடையில் விலகினால் எவ்வளவு கட்டச் சொல்வார்கள். புரியாவிட்டால் வீட்டுக்கு எடுத்துப்போய்த் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒரு நாள் அவகாசம் தராத நிறுவனத்தைப் பற்றி அதுவே ஒரு தகவல்.

டெலிகிராமில் 'வீட்டிலிருந்தே ரிவ்யூ போட்டால் தினம் 3,000' என்று வருபவை மோசடி. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு.

சொந்தக்காரர் மூலம் வளைகுடாவுக்கு விசா வருகிறது. போகலாமா?

போகலாம். இங்கே பல வீடுகள் நிமிர்ந்ததே அந்தப் பணத்தில்தான். ஆனால் யார் மூலம் வந்தாலும் சரிபாருங்கள். ஏஜென்ட் என்றால் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதற்கு ஜி.எஸ்.டி.; அதற்கு மேல் வாங்க அனுமதி இல்லை. இரண்டு லட்சம் மூன்று லட்சம் என்று நகையை அடகு வைத்துக் கொடுப்பவர்கள், அதைத் திருப்பவே இரண்டு ஆண்டு உழைக்கிறார்கள்.

விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கு இணங்க வேண்டாம். வேலை ஒப்பந்தத்தில் பதவி, சம்பளம், தங்குமிடம், திரும்பும் டிக்கெட் எழுதியிருக்கிறதா பாருங்கள். தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ், மியான்மர் பக்கம் 'டேட்டா என்ட்ரி, நல்ல சம்பளம்' என்று அழைத்துப்போய் ஆன்லைன் மோசடிக் கூடாரங்களில் அடைத்து வைத்த கொடுமை இந்தியப் பிள்ளைகள் பலருக்கு நடந்திருக்கிறது. பட்டம் படித்தவர்களைத்தான் அவர்கள் தேடுகிறார்கள், ஏனென்றால் கம்ப்யூட்டரும் ஆங்கிலமும் தெரியும்.

வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது. கிளம்பும்போது கையில் எவ்வளவு வேண்டும்?

ஒன்றரை மாதச் செலவு. மாத நடுவில் சேர்ந்தால் சில நிறுவனங்கள் அந்த மாதச் சம்பளத்தை அடுத்த மாதத்தோடு சேர்த்துத்தான் போடும். விடுதி அட்வான்ஸ் 8,500, முதல் மாத வாடகை 8,500, ரயில் 500, மெத்தை வாளி முதலியவற்றுக்கு 1,500, போக்குவரத்து சில்லறைச் செலவுக்கு 3,000 என்று போட்டாலே 22,000 ஆகிறது. இதைக் கல்லூரி கடைசி ஆண்டிலேயே பெற்றோரிடம் சொல்லி வையுங்கள். திடீரென்று கேட்டால் அவர்கள் ஓடுவது வட்டிக்காரரிடம்தான்.

விடுதி அட்வான்ஸில் காலி செய்யும்போது எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேட்டு, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள்.

21,000 ரூபாயை எப்படிப் பிரிப்பது?

சாப்பாட்டோடு விடுதி 8,500. வேலைக்குப் போய் வர 1,200. போன் 350. விடுமுறை நாளில் வெளிச்சாப்பாடு 1,500. சோப்பு, மருந்து, துணி 1,500. ஊருக்கு வர ஒதுக்குவது 1,000. வீட்டுக்கு 4,000. சேமிப்பு 2,000. மீதி 950 கைச்செலவு. இது ஒரு மாதிரிதான்.

50, 30, 20 என்று சதவீதம் போடும் முறை இணையமெங்கும் இருக்கிறது. 21,000 சம்பளத்தில், வீட்டுக்கும் கொடுக்க வேண்டிய பிள்ளைக்கு அது பொருந்தாது; அதைப் பின்பற்ற முடியவில்லையே என்று வருந்தவும் வேண்டாம். நான் சொல்வது இவ்வளவுதான்: சம்பளம் வந்த அன்றே வீட்டுப் பணமும் சேமிப்பும் கணக்கை விட்டுப் போய்விட வேண்டும். மீதியில் வாழப் பழகுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சினால் சேமிக்கலாம் என்று இருந்தவர்களுக்கு மிஞ்சியதே இல்லை.

முதல் மூன்று மாதம் ஒவ்வொரு செலவையும் எழுதுங்கள். ஜிபே வரலாற்றைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். இரவு பத்து மணிக்கு ஆர்டர் செய்யும் பரோட்டாதான் பலருக்குப் பட்ஜெட்டைக் கவிழ்க்கிறது.

மகள் முதல் சம்பளம் வாங்கியிருக்கிறாள். வீட்டுக்கு எவ்வளவு தரச் சொல்லலாம்? நகைக்குச் சேர்க்க வேண்டுமே. (ஒரு தாயின் கேள்வி)

அக்கா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் சம்பளம் முழுவதையும் வாங்கி நகைச் சீட்டில் போடாதீர்கள். முதலில் அவள் பெயரில் மூன்று மாதச் செலவுக்கான பணம் வங்கியில் சேரட்டும். வேலை பிடிக்காமல், அல்லது பாதுகாப்பில்லாமல் ஒரு நாள் அவள் வெளியே வர வேண்டியிருந்தால், அந்தப் பணம்தான் அவளுக்குத் துணை நிற்கும். ஏ.டி.எம். கார்டும் அவள் கையிலேயே இருக்கட்டும். மாதம் ஒரு தொகை என்று அவளோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். ஓராண்டு கழித்துச் சம்பளம் கூடும்போது அதைக் கூட்டலாம்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். வீட்டில் எவ்வளவு கடன் இருக்கிறது என்று கேளுங்கள். பல வீடுகளில் பெற்றோர் சொல்லாமலே சுமக்கிறார்கள். சொந்தத்தில் கல்யாணம் வந்தால் சுருள் (மொய்ப் பணம்) வைக்கவும் செலவு உண்டு. ஆவணி, தை மாதங்களில் அதற்கும் ஒதுக்க வேண்டிவரும்.

கல்விக் கடன், அடகு நகை, கைமாற்று மூன்றும் இருக்கிறது. எதை முதலில் அடைப்பது?

வட்டி எதற்கு அதிகமோ அதை முதலில். கைமாற்றுக்கு மாதம் நூற்றுக்கு 3 ரூபாய் வட்டி என்று சொல்லும்போது சின்னதாகக் கேட்கிறது. ஆண்டுக்கு அது 36 விழுக்காடு. 50,000 ரூபாய்க்கு மாதம் 1,500 வட்டி மட்டும் போகும், அசல் அசையாது. அதனால் கையில் வரும் கூடுதல் பணமெல்லாம் முதலில் அங்கே போகட்டும். 2003-ல் தமிழ்நாடு அரசு கந்துவட்டித் தடைச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. மிரட்டல் வந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

அடுத்தது நகை. வங்கியில் இருந்தால் வட்டி குறைவு, ஆனால் கெடு தாண்டினால் ஏலத்துக்குப் போகும். கெடு தேதியை உங்கள் போனில் போட்டு வையுங்கள், அம்மா நினைவை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே தடவையில் திருப்ப முடியாவிட்டால் வட்டியையாவது கட்டி, அசலில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

கல்விக் கடனில் பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை தொடங்காது. ஆனால் அந்தக் காலத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். வேலை கிடைத்ததும் அந்த வட்டியை மட்டும் மாதம் கட்டத் தொடங்கினால் தவணைத் தொகை பெருகாது. படித்து முடித்தும் வேலை கிடைக்கவில்லை என்றால் வங்கியைப் பார்த்து ஒளிய வேண்டாம். கிளைக்குப் போய் நிலைமையைச் சொல்லிக் கால நீட்டிப்பு கேளுங்கள். தவணை தவறினால், கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று வங்கிகள் பார்க்கும் உங்கள் சிபில் மதிப்பெண்ணோடு, கடனில் சேர்ந்து கையெழுத்துப் போட்ட அப்பாவின் மதிப்பெண்ணும் இறங்கும்.

சீட்டு போடலாமா? தனியார் நிதி நிறுவனத்தில் வட்டி அதிகம் தருகிறார்களே?

பதிவு செய்யப்பட்ட சீட்டு என்றால் போடலாம். 1982 சிட் நிதிச் சட்டப்படி ஒவ்வொரு சீட்டுக்கும் பதிவு உண்டு. அந்த எண்ணைக் கேளுங்கள். பதிவில்லாத சீட்டில், நடத்துபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பணம் போனால் சட்டம் உங்களுக்குக் கை கொடுப்பது கடினம்.

அதிக வட்டி என்றால் நின்று யோசியுங்கள். 2017-ல் நம் எல்லைப் பகுதியில் ஒரு நிதி நிறுவனம் பூட்டப்பட்டபோது, மகள் கல்யாணத்துக்கும் மகன் படிப்புக்கும் போட்ட பணத்துக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவில் நின்றன. வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. அது போன்ற நிறுவனங்களுக்குக் கிடையாது.

தொடக்கத்துக்கு வங்கி அல்லது அஞ்சலகத் தொடர் வைப்பே போதும். அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம்.

இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டுமா?

வங்கிக் கணக்கிலேயே இரண்டு உண்டு: விபத்துக்கு ஆண்டுக்கு 20 ரூபாய், ஆயுளுக்கு ஆண்டுக்கு 436 ரூபாய், இரண்டிலும் 2 லட்சம் வரை கிடைக்கும். முதலில் அதை எடுங்கள். சொந்தக்காரர் ஏஜென்ட் என்பதற்காக மாதம் 2,000 கட்டும் பாலிசியில் கையெழுத்துப் போட வேண்டாம்.

சேர்ந்த மாதமே கிரெடிட் கார்டு தருகிறார்கள். வாங்கலாமா?

ஆறு மாதம் போகட்டும். முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்ட முடியும் என்று உறுதியானால் வாங்குங்கள். 'மினிமம் டியூ' என்ற குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் மீதிக்கு மாதம் 3 விழுக்காட்டுக்கு மேல் வட்டி ஏறும். 20,000 பாக்கிக்கு மாதம் 700 ரூபாய் அளவுக்குப் போகலாம். லோன் ஆப் பக்கம் போகவே வேண்டாம். உங்கள் போனில் உள்ள எல்லா எண்களையும் எடுத்துக்கொண்டு, ஒரு தவணை தவறினால் ஊரெல்லாம் கூப்பிட்டு அசிங்கப்படுத்துகிறார்கள். அப்படி மாட்டியிருந்தால் வீட்டில் சொல்லுங்கள், தனியாகச் சுமக்காதீர்கள்.

பண்டிகைக்கு ஊருக்கு வர டிக்கெட்டுக்கே ஒரு வாரச் சம்பளம் போகிறது. வழி உண்டா?

2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. கிறிஸ்துமஸுக்கு வர அக்டோபர் கடைசி வாரத்திலேயே எடுக்க வேண்டும். கன்னியாகுமரி, அனந்தபுரி விரைவு வண்டிகளில் முதல் சில நிமிடங்களிலேயே படுக்கை தீர்ந்துவிடும். ஓணம், கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காடு கொடை என்று வர நினைக்கும் நாட்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே காலண்டரில் குறித்து, 60 நாள் கணக்கில் அலாரம் வையுங்கள். மாவட்ட உள்ளூர் விடுமுறை சென்னை அலுவலகத்துக்குக் கிடையாது, லீவையும் அப்போதே சொல்லி வையுங்கள். கடைசி நேர ஆம்னி பஸ்ஸில் ஒரு முறை வருவதற்கு ஆகும் பணத்தில் ஸ்லீப்பரில் இரண்டு மூன்று முறை வரலாம்.

வேலை மாறும்போது பி.எஃப். பணத்தை எடுத்துவிடலாமா?

வேண்டாம், மாற்றிக்கொள்ளுங்கள். யு.ஏ.என். என்ற 12 இலக்க பி.எஃப். எண் வாழ்நாள் முழுவதும் ஒன்றுதான். புதிய நிறுவனத்தில் சேரும்போது அதையே கொடுங்கள், இன்னொரு எண் உருவாக விடாதீர்கள். 2024-25-க்கு பி.எஃப். வட்டி 8.25 விழுக்காடு, சாதாரண சேமிப்புக் கணக்கில் இது கிடைக்காது. நிறுவனம் கட்டும் 12 விழுக்காட்டில் 8.33 ஓய்வூதியத்துக்குப் போகிறது. ஓய்வூதியம் பெற 10 ஆண்டு பணிக்காலம் வேண்டும், அதனால் இடையில் எடுத்துவிட்டால் அந்தக் கணக்கு மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நிறுவனம் மாதாமாதம் பணம் கட்டுகிறதா என்று பாஸ்புக்கில் பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டிருந்தால், வேலையில் இருக்கும்போதே எழுத்தில் கேளுங்கள். விலகிய பிறகு கேட்பதைவிட அப்போது பதில் சீக்கிரம் வரும்.